ஆடி ஒண்ணும் பனங்கட்டிக் கூழும்

எங்கள் பவானிப் பக்கம் ஆடி ஒண்ணு என்றால் தேங்காய் சுடுகிற நோம்பி. நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, மஞ்சள் பூசி, கண்ணைத் துளைத்துக் கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு அவல், எள்ளு, பாசிப்பயறு, வெல்லம் எல்லாம் போட்டு, சீவிய குச்சியைச் சொருகித் தீயில் வாட்டுவோம். ஓடு வெடித்து வாசம் வந்தால் பிள்ளையாருக்குப் படைக்க வேண்டியதுதான். பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது, அதற்காகத்தான் இது என்று அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லும்.

அதே நாளில் பவானிசாகரில் இருக்கிற இலங்கைத் தமிழர் அகதி முகாமில் கூழ் காய்ச்சுகிறார்கள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். கூடப் படித்தவள் அந்த முகாமில் பிறந்தவள். அவளுடைய அம்மம்மா 1990-ல் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் இங்கே வந்தவர். யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்பு என்றால் கூழும் கொழுக்கட்டையும். வறுத்த அரிசி மா, பயறு, தேங்காய்ச் சொட்டு, தேங்காய்ப் பால், பனங்கட்டி. இங்கே பனங்கட்டிக்குக் கருப்பட்டி கிடைத்துவிடுகிறது, பலா இலைக்குத்தான் வழியில்லை.

"பிலாவிலையை மடிச்சுக் கோலித்தான் குடிக்கிறது பிள்ளை, டம்ளரிலை குடிச்சா ஆடிக்கூழ் மாதிரியே இல்லை" என்று ஒவ்வொரு வருஷமும் அம்மம்மா சொல்வார், சொல்லிக்கொண்டே ஊற்றியும் கொடுப்பார். பேத்தி பள்ளியில் எங்களைப் போல "ஏனுங்க" என்று பேசி வளர்ந்தவள், வீட்டுக்குள் கால் வைத்ததும் 'கதைக்க' ஆரம்பித்துவிடுவாள். யாழ்ப்பாணத்தை அவள் இன்னும் பார்த்ததே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் அடுப்படியில் காப்பாற்றிவிட முடியாது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள், ஏறக்குறைய 97,000 நூல்கள், அதில் வேறெங்கும் படி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் உண்டு. கட்டடத்தைத் திரும்பக் கட்டி 2003-ல் திறந்துவிட்டார்கள், அந்த ஏடுகளை யார் திரும்ப எழுதுவது? அதனால்தான் 2005-லிருந்து ஈழத்து நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவரும் 'நூலகம்' குழுவினர் மீது எனக்கு அவ்வளவு மரியாதை. வீட்டில் இருக்கிற பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் எதையும் எடைக்குப் போடாதீர்கள், நிஜமாகச் சொல்கிறேன்.

போன ஆடிக்கு அம்மம்மா கூழ் காய்ச்சுவதை முழுசாக போனில் பதிவு செய்தேன். அளவு கேட்டால் "ஒரு சுண்டு" என்கிறார், அந்தச் சுண்டையே வாங்கி நம் டம்ளரால் அளந்து எழுதிக்கொண்டேன். தெரிந்தவர் தோட்டத்தில் பறித்த பலா இலையும் வீட்டில் சுட்ட தேங்காயும் கொண்டுபோயிருந்தேன். இலையைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒன்றை மடித்து, ஈர்க்கு குத்தி, முதல் வாய்க் கூழை எனக்குக் கொடுத்தார். தேங்காயை உடைத்து ஒரு துண்டு மென்று பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயும் பயறுதானே மோனை" என்றார்.