எனக்குன்னு வாங்குனதுதானக்கா?

“ஆமா தாயி” என்று சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. நாக்கு தானாகச் சொன்னது.

ஆரியங்காவு எஸ்டேட் பங்களாவில் பேய்ப் பட ஷூட்டிங்கின் கடைசி ராத்திரி. மேக்கப் நான். ரத்தக்காட்டேரிகள் ஏழு பேரும் பெண்கள், கண்ணில் மாட்டுகிற சிவப்பு லென்ஸ் இரண்டே ஜோடி. முன்னால் நிற்கிற இரண்டு பேருக்குத்தான் க்ளோஸப் என்று முதலிலேயே பேசியிருந்தோம். இரண்டரை மணிக்கு டைரக்டருக்கு மூன்றாவது பிள்ளையின் முகம் பிடித்துப்போனது. மானேஜர் என்னிடம் வந்து, “சொல்யூஷன்ல அலசிட்டு இவளுக்கு மாட்டி விடுங்க. விடிஞ்சா பங்களாவ ஒப்படைக்கணும்” என்றார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பவர் இல்லாத கலர் லென்ஸானாலும் கண் டாக்டர் பார்த்து அளவு சொன்ன பிறகுதான் போட வேண்டும். ஒருத்தர் கண்ணில் இருந்ததை இன்னொருத்தருக்குப் போடவே கூடாது. சொல்யூஷனில் கிருமி சாக மணிக்கணக்கில் ஊற வேண்டும். நான் அலசியது ஐந்து நிமிஷம்.

கையை மட்டும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். சீனிப்பாகில் சிவப்புக் கலரும் கொஞ்சம் கோகோ பவுடரும் கலந்த ரத்தம், நகக்கண்ணை விட்டுப் போகவே போகாது. அந்தப் பிள்ளையின் கழுத்தில் ஊற்றியிருந்ததில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. நான் கீழ் இமையை இழுத்துப் பிடித்தபோது, “ஒரு நிமிசம்க்கா” என்றாள். கோரைப்பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பேச்சு குழறாமல் கேட்டாள்: “இது எனக்குன்னு வாங்குனதுதானக்கா?”

எங்கள் பக்கத்து இசக்கி கதையிலும் மலையாளத்து யட்சி கதையிலும் ராத்திரி வழியில் நின்று சுண்ணாம்பு கேட்கிறவளிடம்தான் பயம். விடிந்தால் மரத்தடியில் முடியும் நகமும்தான் மிச்சம் என்பார்கள். அன்றைக்குக் கேட்டவளிடம் எந்தக் கெடுதலும் இல்லை.

நான் மாட்டேன் என்றிருந்தால் வேறு யாராவது கழுவாத கையோடு மாட்டியிருப்பார்கள். இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையும்தான். ஆனால் அவள் கேட்டது மாட்டலாமா வேண்டாமா என்று இல்லையே. “இன்னொருத்தி போட்டது, வேண்டாம்னா சொல்லு” என்று நான் சொல்லியிருக்கலாம். முதல் க்ளோஸப், அவள் வேண்டாம் என்றிருக்க மாட்டாள். அப்படித் தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை? ஒருவேளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மானேஜருக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான். ஏழு பெண்கள் இருந்த செட்டில் ராத்திரி அவர்களுக்கு அக்கா என்று இருந்தது நான் ஒருத்திதான்.

ஷாட் ஒரே டேக்கில் ஓகே. கண் நிறைய தண்ணீர் கட்டி, வழியாமல் நின்றது. டைரக்டர் கை தட்டினார். அது நடிப்பா எரிச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலை கேட்டுப் போகிற இடத்தில் நான் முதலில் காட்டுகிற படம் அதுதான். இதையும் சொல்லத்தானே வேண்டும்.

காலையில் அவள் வலது கண் சிவந்திருந்தது. “தூக்கமில்லாம இருக்கும்க்கா” என்று அவளே சமாதானம் சொன்னாள். தென்காசியில் கண் டாக்டரிடம் காட்டு என்று பணம் கொடுத்து செங்கோட்டை பஸ் ஏற்றிவிட்டேன். எதற்காகக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. டாக்டர் கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்? புது லென்ஸ் போட்டேன் என்றுதானே. ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணி, சொட்டு மருந்து விட்டேன், சரியாகிவிட்டது என்றாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சரியாகிவிட்டதே, இனி சொல்லி என்ன என்று நினைத்தேன். சரியாகாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அப்போது இன்னும் பயந்திருப்பேன்.

போன மாசம் வாட்ஸப்பில் கேட்டிருக்கிறாள்: “அக்கா, அந்த லென்ஸ் இருக்கா? என் மொத படம், ஞாபகத்துக்கு வச்சுக்கிடுதேன். எனக்குன்னு வாங்குனதுதானே.”

ஷூட்டிங் முடிந்த அன்றைக்குக் காலையிலேயே அதைக் குப்பையில் போட்டுவிட்டேன். அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.