தாயிரா முன்னே, சிந்தசைசர் பின்னே

இஸ்லாமியப் பக்திப் பாடல்கள் பாடும் பக்கீர்ஷாக்களின் பாட்டுக்கு எலக்ட்ரானிக் இசை சேர்க்கும் வேலை வந்தால், முதலில் கிளிக்கை, அதாவது தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒலியை, நிறுத்திவிடுவேன். பாடகர் காதில் அது ஒலித்தால் எனக்கு வேலை சுலபம்தான். ஆனால் நாகூர் தர்காவின் கந்தூரி விழாவில் தாயிரா என்னும் தோல்கருவியைத் தட்டிப் பாடிப் பழகிய ஒரு பாவா, கண்ணியின், அதாவது ஈரடிப் பாட்டின், கடைசிச் சொல்லை எவ்வளவு நேரம் இழுப்பார் என்பது அவர் மூச்சுக்குத்தான் தெரியும். பாட்டு சூடேற ஏற வேகமும் கூடும். அதனால் அவர் போக்கிலேயே பாடவிட்டு, அப்புறம் தாயிராவின் அடிகளைப் பார்த்துப் பார்த்து டெம்போவைக் குறிக்கிறேன். சிந்தசைசரும் டிரம் மெஷினும் அதைப் பின்தொடரும். சுருதியும் அப்படித்தான். குரலில் சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் போடுவதில்லை, கீபோர்டை சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் ஏற்றி இறக்கிக் குரலோடு சேர்க்கிறேன்.

இதையெல்லாம்விடக் கவனம் வேண்டியது வெட்டும் இடத்தில். 1990இல் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானும் இசைத் தயாரிப்பாளர் மைக்கேல் புரூக்கும் சேர்ந்து செய்த 'முஸ்த் முஸ்த்' ஆல்பத்தில் பெரும்பகுதி சொல்லில்லாத சுரங்களும் ஆலாபனையும்தான். அப்படியிருந்தும் புரூக் வெட்டிய சில இடங்களை நுஸ்ரத் ஏற்கவில்லை. ஒரு சொற்றொடர் பாதியில் அறுந்தால் அதன் பொருள் போய்விடும், சுரமாக இருந்தாலும் சரி. அந்த இடங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது.

சொல் இருக்கும் பாட்டில் இது இன்னும் கடுமை. சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியும் இரண்டே அடி. முதலடியில் தவிப்பு இருக்கும். யாரிடம் அந்தத் தவிப்பு என்பது இரண்டாம் அடியின் முடிவில், 'பராபரமே' என்று இறைவனைக் கூப்பிடும்போதுதான் வரும். ஒரு தயாரிப்பாளர் முதலடியை மட்டும் லூப்பாகச் சுற்றவிடச் சொன்னார், கேட்க நன்றாக இருக்கும் என்று. நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கூப்பிடப்படுகிறவன் இல்லாத தொழுகையாகிவிடும் அது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லூப் வேண்டுமென்றால் தாயிராவின் அடியைச் சுற்றவிடலாம், கண்ணி முழுதாக வரட்டும்.

டிரம் மெஷினின் கனத்த அடியான கிக் டிரம்மையும் குறைவாகவே வைக்கிறேன். தாயிராவின் கீழ்நாதத்தை அது விழுங்கிவிடுகிறது. நீண்ட பேஸ் ஒலி ஒன்று போதும்.

மிக்ஸ் முடிந்ததும் முதலில் கேட்பவர் பாடியவர்தான். போன முறை ஒரு பெரியவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அந்த எடத்துல பீட்ட எடுத்துடுங்க தம்பி, ஆண்டவன் பேரு சரியா கேக்கல" என்றார். எடுத்துவிட்டேன். தயாரிப்பாளருக்குப் போனது அந்த மிக்ஸ்தான்.