அறுபது ரூபாய் மாத்திரையும் அதை எழுதிய சீட்டும்

அப்பாவின் மாத மருந்துச் செலவில் பாதிக்கும் மேல் ஒரே ஒரு மாத்திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரைக்கான எம்பாகிளிஃப்ளோசின். அதன் மூல பிராண்டான ஜார்டியன்ஸ் ஒரு மாத்திரை அப்போது ஏறத்தாழ 60 ரூபாய். தினம் ஒன்று வீதம் மாதம் 1,800 ரூபாய். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவந்தோம். 2025 மார்ச்சில் அந்த மருந்தின் காப்புரிமை முடிந்தது. முடிந்த கையோடு இந்தியக் கம்பெனிகள் டஜன் கணக்கில் அதே மருந்தைத் தங்கள் பெயரில் இறக்கின. 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஆறு ரூபாய்க்கும் கீழேகூட வந்தது. செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டு அப்பா, “அடுத்த மாதம் வாங்கும்போது பார்த்து வாங்கு” என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். அந்த விலைக்கு அந்த மாத்திரையைக் கையில் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

விலையை ஒப்பிடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ‘ஃபார்மா சஹி தாம்’ செயலியில் பிராண்டுப் பெயரைத் தட்டினால், அதே மருந்தை விற்கும் மற்ற பிராண்டுகளும் அவற்றின் விலையும் வந்துவிடும். மத்திய அரசின் மலிவு விலைக் கடைகளான மக்கள் மருந்தகங்களுக்கு ‘ஜன் ஔஷதி சுகம்’ என்று தனிச் செயலி உண்டு. பக்கத்தில் கடை எங்கே இருக்கிறது, அங்கே என்ன விலை என்பது அதில் தெரியும். ஒரே ராத்திரியில் அப்பாவின் நான்கு மாத்திரைகளுக்கும் அம்மாவின் தைராய்டு மாத்திரைக்கும் பட்டியல் போட்டுவிட்டேன்.

பட்டியல் போட்டதும் ஒன்று தெளிவானது: எல்லா மாத்திரைக்கும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. அப்பாவின் மற்ற மூன்று மாத்திரைகளான சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன், கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. அவற்றுக்கு உச்சவரம்பு விலை உண்டு. ஆனால் அந்த வரம்பை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன் மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். செய்வதற்கு என்ன செலவாகிறது என்ற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை. அதனால் பெரிய பிராண்டுகள் பெரும்பாலும் வரம்பை ஒட்டியே நிற்கின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் பஸ் டிக்கெட் காசுகூடத் தேறாது. இந்த மூன்றுக்கும் மக்கள் மருந்தகமோ மாநில அரசின் முதல்வர் மருந்தகமோதான் வழி. அங்கே விலை பாதிக்கும் கீழே.

எம்பாகிளிஃப்ளோசின் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத மருந்துக்கு வரம்பு கிடையாது. ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாடுதான். பிராண்டுக்குப் பிராண்டு பத்து மடங்கு வித்தியாசம் ஒளிந்திருப்பது இந்த மாதிரி மருந்துகளில்தான். காப்புரிமை சமீபத்தில் முடிந்த மருந்து ஏதாவது உங்கள் சீட்டில் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். சர்க்கரை மருந்துகளில் சிடாகிளிப்டினுக்கு 2022இல் முடிந்தது, லினாகிளிப்டினுக்கு 2023இல். இன்னும் பழைய விலை கொடுத்து மூல பிராண்டையே வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர்.

சரி, கடைக்கு வருகிறேன். திருச்சி தில்லைநகரில் தெருவுக்கு நாலு கிளினிக், கிளினிக்குக்கு ஒரு மருந்துக் கடை. எங்கள் டாக்டரின் கிளினிக்கை ஒட்டியிருக்கும் கடைக்குத்தான் முதலில் போனேன். “அதே கன்டென்ட், வேறு கம்பெனியில் கொடுங்கள் தம்பி” என்றேன்.

“டாக்டர் எழுதியதைத்தான் கொடுப்போம் அக்கா.”

“வேறு கம்பெனி ஸ்டாக் இருக்கிறதா, இல்லையா?”

“இருக்கிறது. ஆனால் சீட்டில் அந்தப் பெயர் இல்லையே.”

அதற்குள் பின்னால் இருந்தவர் என் தோளுக்கு மேலே சீட்டை நீட்டிவிட்டார். அந்தப் பையனும் அவரைக் கவனிக்கத் திரும்பிவிட்டான். இதே கடைதான், முன்பு ஒரு முறை அப்பாவின் கொலஸ்ட்ரால் மாத்திரை ஸ்டாக் இல்லாதபோது, “இதுவும் அதேதான் அக்கா, தைரியமாக வாங்கிப் போங்கள்” என்று வேறு பிராண்டைக் கையில் திணித்தது. அப்போது சீட்டு குறுக்கே வரவில்லை.

கடுப்போடு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், சட்டம் அந்தப் பையன் பக்கம் நிற்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆம் விதி: எச் அட்டவணை மருந்துக்கு, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துக்கு, சீட்டில் ஒரு தயாரிப்பின் பெயர் இருந்தால், அதே மருந்து அடங்கியதாகவே இருந்தாலும் வேறொன்றைக் கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் மருந்தாளுநரே ஜெனரிக்கை, அதாவது அதே மருந்தை மூல பிராண்டு இல்லாமல் வேறு கம்பெனி செய்ததை, எடுத்துக் கொடுத்துவிடலாம். இங்கே அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. ஆக, பிராண்டுப் பெயர் உள்ள சீட்டோடு எத்தனை கடை ஏறினாலும், கடைக்காரர் விதியை மீறினால்தான் நமக்கு லாபம். மருந்தின் பெயரே சீட்டில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இது தெரிந்த பிறகும், டாக்டரிடம் கேட்கத் தயங்கிக்கொண்டு இன்னொரு கடைக்குப் போனேன். “ஜெனரிக் உண்டா?” என்றதும் முகம் மலர்ந்து எடுத்துப் போட்டார் கடைக்காரர். இருபது சதவீதத் தள்ளுபடி என்று கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். அட்டையைத் திருப்பினேன். அதில் அச்சிட்டிருந்த எம்ஆர்பி, மூல பிராண்டின் விலையிலிருந்து அதிகம் இறங்கவே இல்லை. தள்ளுபடி போக, அரை விலைக்கும் மேலே நின்றது.

இந்த வித்தை பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகளே ஜெனரிக்குக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. அந்த மாத்திரைகளை டாக்டர்களிடம் கொண்டுபோய் விளம்பரப்படுத்த ரெப் கிடையாது. நேராகக் கடைக்கு மிக மலிவாகப் போகின்றன. ஆனால் அட்டையில் அச்சிடும் விலை மட்டும் பிராண்டு விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். நடுவில் உள்ள தொகை கடைக்காரரின் லாபம். அவர் மனம் வைத்தால் பாதி விலைக்குக் கொடுப்பார், வைக்காவிட்டால் அச்சிட்ட விலைக்கே தள்ளிவிடுவார். ‘ஜெனரிக்’ என்று கேட்டு வாங்குவதால் மலிவு வந்துவிடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “மாத்திரை ஒன்று எனக்கு என்ன விலை விழும்?” அட்டை விலையும் வேண்டாம், தள்ளுபடிச் சதவீதமும் வேண்டாம். ஒரு கம்பெனி அட்டைக்கு 10 மாத்திரை வைக்கிறது, இன்னொன்று 15, சில 14. அட்டைக்கு அட்டை ஒப்பிட்டால் ஏமாறத்தான் வேண்டும். நான் கேட்டதும் அந்தக் கடைக்காரர் கால்குலேட்டரை மறுபடி தட்டினார். எண் கொஞ்சம் இறங்கியது. தட்டினால் இறங்குகிற விலையை நம்ப மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

அடுத்து, மலிவு விலை மருந்துக் கடை ஒன்றில் மற்ற மூன்று மாத்திரைகளையாவது வாங்குவோம் என்று போனேன். சீட்டைக் காட்டாமல் என் பட்டியலைக் கொடுத்தால் கொடுக்க மாட்டார்கள், சீட்டைக் காட்டினேன். அங்கே இருந்த அம்மாள் பிராண்டுப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பெயரைப் பென்சிலால் எழுதி, அட்டைகளை வரிசையாக எடுத்து வைத்தார். பில்லைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. பையில் போடும் முன் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மெட்ஃபார்மின் 500 என்று இருந்தது, ‘எஸ்ஆர்’ இல்லை.

அப்பா சாப்பிடுவது எஸ்ஆர், அதாவது மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்கிற வகை. வெறும் மெட்ஃபார்மின் உடனே கரையும். வயிற்றைப் புரட்டும், எடுத்துக்கொள்ளும் முறையும் வேறு. இரண்டும் மெட்ஃபார்மின்தான், இரண்டும் 500தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்க முடியாது. “எஸ்ஆர் ஸ்டாக் இல்லைம்மா, அதனால்தான் இதை வைத்தேன்” என்றார். வைத்ததைச் சொல்லியிருக்கலாமே! எப்போது வரும் என்று கேட்டதற்கு, “வந்தால் வரும்.”

பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இந்த எழுத்துகளில்தான் ஆபத்து. டெல்மிசார்டன் ஒன்று, டெல்மிசார்டனோடு ‘எச்’ சேர்ந்தால் நீர் பிரிக்கும் மருந்தும் கூட வருகிறது, ‘ஏஎம்’ என்றால் இன்னொரு ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினும் சேர்ந்தது. பிராண்டு மாத்திரையில் டப்பாவின் நிறத்தைப் பார்த்தே வாங்கிப் பழகியவர்கள் ஜெனரிக்குக்கு மாறும்போது எழுத்தெழுத்தாகப் படித்தே ஆக வேண்டும். நல்ல வேளை, மருந்தின் பெயரை பிராண்டுப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018இலிருந்து விதி இருக்கிறது. ஒரே மருந்து உள்ள அட்டையில் கண்ணாடி போட்டால் படித்துவிடலாம். பழைய அட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியில் போக வேண்டிய இடத்துக்கே போனேன். டாக்டரிடம். மருந்துகளை ஜெனரிக் பெயரில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதியில் 2016இலேயே திருத்தம் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதை இன்னும் கறாராக்கிப் புது விதி போட்டு, டாக்டர்களின் எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தது. இதையெல்லாம் அவரிடம் ஒப்பிக்கவில்லை. நீங்களும் ஒப்பிக்காதீர்கள். சட்டம் பேசினால் அவர் நம்மை நோயாளி வீட்டுக்காரராகப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

“மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது டாக்டர். அப்பா நடுவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது” என்றேன். அது பொய்யும் இல்லை. அட்டையை எண்ணிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது.

நிமிர்ந்து பார்த்தார். “ஜெனரிக் வேண்டாம் என்று நான் எப்போதம்மா சொன்னேன்? பெயர் தெரியாத கம்பெனி மாத்திரையை வாங்கிக் கொடுப்பீர்கள், சர்க்கரை ஏறும், என்னிடம்தான் வருவீர்கள்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உங்களுக்கு நம்பிக்கையுள்ள, விலை குறைந்த கம்பெனியை நீங்களே சொல்லுங்கள் என்றேன். என் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். பத்து ரூபாய்க்குள் இருந்த ஒரு பிராண்டில் விரல் நின்றது. “இவர்கள் பரவாயில்லை.” சீட்டில் நான்கு மருந்துகளின் பெயரையும் பெரிய எழுத்தில், எஸ்ஆர் உட்பட எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து, சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவ்வளவுதான். இத்தனை கடை ஏறியதற்குப் பதில் அந்தப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

அம்மாவின் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடக் கூடாது என்றார். தைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும் மருந்து. பிராண்டுக்குப் பிராண்டு உடம்பில் சேரும் அளவில் சின்ன வித்தியாசம் வந்தாலும், தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்எச் அளவு ஆடிவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதிக்க வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபாரின் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. விலை குறைகிறது என்று இவற்றை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். அம்மாவின் மாத்திரை எப்படியும் மலிவுதான். மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

புதுச் சீட்டோடு அதே கிளினிக் கடைக்குப் போனேன். அதே பையன். சீட்டைப் படித்தான், உள்ளே போனான், டாக்டர் சொன்ன கம்பெனி மாத்திரையை எடுத்து வைத்தான். முன்பு ஸ்டாக் இருக்கிறது என்று அவன் சொன்னது இதைத்தான். “பத்து நாளுக்கு மட்டும் கொடு” என்றேன், முதலில் ஒத்துக்கொள்கிறதா பார்ப்போமே என்று. அட்டையாகத்தான் வாங்க வேண்டும் என்றான்; 15 மாத்திரை அட்டை. உதிரியாகக் கொடுத்தால் அதே விகித விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், மறுக்கக் கூடாது என்று மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது. சொன்னேன். முதலாளியைப் பார்த்தான். முதலாளி தலையாட்டினார். வெட்டும்போது தேதி அச்சிட்ட பக்கத்தை எனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உதிரி வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது, காலாவதித் தேதி அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

மூன்று மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி பழைய அளவிலேயே நின்றது. எம்பாகிளிஃப்ளோசினுக்கு இப்போது மாதம் 300 ரூபாய்க்குள். மெட்ஃபார்மின் எஸ்ஆர் மட்டும் மலிவு விலைக் கடையில் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

அந்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரைப் பார்க்கப் போனபோது ஒரு கூத்து. கிளினிக்கில் புதிதாகக் கணினி வந்திருந்தது. அச்சாகி வந்த சீட்டில் நான்கும் பழைய பிராண்டுப் பெயர்கள், ஜார்டியன்ஸ் முதல் வரியில். கம்ப்யூட்டரில் பழைய சீட்டிலிருந்து ஏற்றிவிட்டார்களாம். டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். நிறுத்தி, அடித்து எழுதச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதினார். வெளியே வந்து, அதைக் கணினியிலும் மாற்றச் சொல்லி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நின்றேன். “அடுத்த முறை மாற்றிவிடுகிறேன் மேடம்” என்றார். “இப்போதே மாற்றுங்கள்மா, நான் காத்திருக்கிறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.