அந்த வளையத்தை அழிக்காதீர்கள்
இன்று ஓர் இணையப் படிவத்தை மவுஸைத் தொடாமல், டேப் விசையை மட்டும் அழுத்தி நிரப்ப முயன்றேன். மூன்றாவது பெட்டிக்குப் பிறகு எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. அழகு கெடுகிறது என்று யாரோ 'அவுட்லைன்: நன்' என்ற ஒரே சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) வரியில், இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் வளையத்தை அழித்திருக்கிறார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு வழிகாட்டுவதே அந்த வளையம்தானே! பொத்தானை மவுஸால் சொடுக்கும்போது அது உறுத்துகிறது என்றால், அதற்கென்றே 'ஃபோகஸ்-விசிபிள்' என்ற சிஎஸ்எஸ் தேர்வி இருக்கிறது. விசைப்பலகையில் வருபவருக்கு வளையம் தெரியும், மவுஸில் வருபவருக்குத் தெரியாது. வளையத்தின் நிறத்துக்கும் அருகிலுள்ள நிறத்துக்கும் இடையே குறைந்தது 3:1 ஒளிர்வு வேறுபாடு இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோவருக்கும், அதாவது மவுஸ் சுட்டி மேலே வரும்போது தோற்றம் மாறுவதற்கும், ஒரு சிக்கல் உண்டு. தொடுதிரையில் விரலை எடுத்த பிறகும் பொத்தானின் நிறம் மாறியபடியே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹோவர் விதிகளை 'ஹோவர்: ஹோவர்' என்ற மீடியா குவரிக்குள், அதாவது சுட்டியை மேலே நிறுத்த முடிகிற கருவிகளுக்கு மட்டும் பொருந்தும் நிபந்தனைக்குள், வைத்தால் போதும்.

அழுத்தும் நிலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையான பட்டன் உறுப்பில் என்டர் விசையை அழுத்தியவுடன் வேலை நடக்கும். ஸ்பேஸ் விசையிலோ, விரலை எடுக்கும்போதுதான் நடக்கும். எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு! டிவ் என்ற வெறும் பெட்டி உறுப்புக்குப் பொத்தான் வேடம் போட்டால் இந்த இரண்டுமே தானாக வராது.