ஒரு லட்சம்கூடப் பெறாத வண்டிக்கு எழுபதாயிரம் செலவு

எங்களுடையது 2010-ல் ரெஜிஸ்டர் ஆன சான்ட்ரோ ஜிங் கார். டிஎன் 22 வண்டி, வீடு சென்னை மடிப்பாக்கத்தில். சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி., அதாவது பதிவுச் சான்றிதழ், 15 வருஷம்தான் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) வாங்கி, ஐந்தைந்து வருஷமாக நீட்டித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு 2025 அக்டோபரோடு கெடு. "அடுத்த வருஷம் மாத்திடலாம்" என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்ட பேச்சை இனி முடித்தே ஆக வேண்டும் என்ற நிலை.

முதலில் ஒரு வதந்தியை ஓரங்கட்டிவிடுகிறேன். "15 வருஷம் ஆச்சுன்னா வண்டியை உடைச்சுத்தான் ஆகணும்" என்று அபார்ட்மென்டில் பலரும் சொன்னார்கள். அது டெல்லி வட்டாரத்துக் கதை. தமிழ்நாட்டில் வண்டி நல்லபடி இருந்தால் ஓட்டலாம். ஆனால் சும்மா இல்லை. காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 ரூபாய்; 2022 ஏப்ரலிலிருந்து 5,000. வண்டி 20 வயதைத் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். பசுமை வரி தனி. கெடு முடிந்த பிறகு போனால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம் ஏறிக்கொண்டே போகும். முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வாரம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கேட்டேன். இரண்டு பக்கம் பிரின்ட் அவுட் வந்தது, அடியில் 1,12,000. அட்வைசர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், வண்டி வித்தா தொண்ணூறு வந்தாலே பெருசு. அதுக்குப் போய் ஒரு லட்சம் போடுவீங்களா? அதை டவுன் பேமென்ட்டா போடுங்க சார்." ஷோரூம் அதே கட்டடத்தின் முன்பக்கம்தான். நான் எழுந்திருப்பதற்குள் புது வண்டி பிரோஷர் மேஜைக்கு வந்துவிட்டது.

வண்டி பெறும் விலையையும் ரிப்பேர் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இந்தக் கணக்கு எல்லோர் வாயிலும் வருகிறது. மாமனாரும் அதையேதான் சொன்னார். வண்டியை விற்கப் போகிறவனுக்கு அது சரியான கணக்கு. ஓட்டப் போகிறவன் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பணத்தைப் போட்டால் எத்தனை வருஷம் ஓடும், போடாமல் வேறு வண்டி எடுத்தால் அதே வருஷங்களுக்கு என்ன ஆகும்? அதைக் கணக்குப் போடுவதற்கு முன்னால் வண்டி ஓடுமா என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் பாயிடம் போனேன்.

பாய் எங்கள் ஏரியா மெக்கானிக். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, பாய் என்றால் தெரியும். நான் போனதும் எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். சத்தம் இல்லை, ஆயில் குடிக்கவில்லை, நீலப்புகை இல்லை என்று.

"எஞ்சினை விடுங்க சார், அது போனாலும் கட்டிக்கலாம். பாடி போனா யார் கட்டுறது? கீழ வாங்க."

லிஃப்டில் ஏற்றி, ஒரு பழைய ஸ்குரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கேட்ட இடத்தில் நிற்கவில்லை. இடது பக்கம் பின் கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டில் தப் என்று ஒரு மொட்டைச் சத்தம். ஸ்குரூடிரைவரைத் திருப்பிக் குத்தினார். முனை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் துருச் செதிலோடு கொஞ்சம் சாம்பல் நிற மண்ணும் உதிர்ந்தது. கையில் வாங்கி நசுக்கிக் காட்டினார். "இது ரோட்டு மண்ணு இல்ல சார், வண்டல். 2023-ல வந்த தண்ணி."

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் வந்து, வண்டிக்குள் கால் வைக்கும் தளம் வரை நனைந்தது. அப்போது ஃப்ளோர் மேட்டை எடுத்துக் காயவைத்து, பிரேக், ஆயில், சீட் எல்லாம் பார்த்தோம். ரன்னிங் போர்டு ஒரு மூடிய குழாய். உள்ளே போன தண்ணீர் வடியும் ஓட்டையை வண்டல் அடைத்துவிட்டால் அது உள்ளிருந்தே தின்ன ஆரம்பிக்கும் என்று பாய் விளக்கினார். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தபோது ஊரே வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதே, அதில் எங்கள் சான்ட்ரோவும் ஒன்று. ஆனால் முந்தைய வருஷத்துத் தண்ணீர் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது.

பிறகு அவர் ரொம்ப நேரம் பார்த்தது மெம்பரை. எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அந்தத் தடித்த சட்டங்கள் முன்னும் பின்னும் கெட்டியாக இருந்தன. மேல் துரு மட்டும். "ரன்னிங் போர்டு, கதவடி, வீல் ஆர்ச், இதெல்லாம் வெட்டி வேற தகடு வெச்சுக்கலாம். மெம்பர் போயிருந்தா நானே வேணாம்னு அனுப்பிருப்பேன்." எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பார்த்ததில் நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாமல் வந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதல். அவர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

அவர் போட்ட கணக்கு: முன்பக்க ஷாக், லோயர் ஆர்ம், புஷ், டை ராட் எண்ட் எல்லாம் சேர்த்து 11,000. டைமிங் பெல்ட் செட், வாட்டர் பம்ப் 5,000. கிளட்ச் செட் 7,500. ரேடியேட்டர், ஹோஸ்கள் 6,500. டிங்கரிங் (தகடு வேலை), பெயின்டிங் 22,000. டயர் நாலு 14,000. ஆக 66,000, லேபரோடு. எஃப்.சி. செலவும் சேர்ந்தால் 72,000-ஐத் தொடும். ஏ.சி. கூலிங் காயில் கசிகிறது. அதற்கு இன்னொரு 8,000, ஆனால் அவசரமில்லை. சர்வீஸ் சென்டர் பட்டியலில் இருந்த ஸ்டீயரிங் அசெம்பிளியும் எஞ்சின் டீகார்பனைசிங்கும் இதில் இல்லை. ஸ்டீயரிங் ஆட்டத்துக்குக் காரணம் தேய்ந்த டை ராட் எண்ட்தான் என்று சக்கரத்தைப் பிடித்து ஆட்டியே காட்டினார்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வருஷத்துக்கு நாங்கள் ஓட்டுவது 5,000 கிலோமீட்டர் இருக்கும். ஏ.சி.யும் சேர்த்து 80,000 போட்டு நாலு வருஷம் என்று வைத்தால் வருஷத்துக்கு 20,000. சர்வீஸ், எதிர்பாராத செலவு என்று இன்னொரு 20,000. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், 1,000 முதல் 1,500 சி.சி. காருக்கு 3,416, ஜி.எஸ்.டி. சேர்த்து 4,000 சொச்சம். பழைய வண்டி லிட்டருக்கு 12 கொடுக்கிறது, புதுசு 18 கொடுக்கும் என்று வைத்தால் கூடுதல் பெட்ரோல் 14,000. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 58,000.

புது வண்டி ஆன்ரோடு 7 லட்சம் என்று வைத்தோம். ஐந்து வருஷத்தில் பாதி விலைக்குப் போகும் என்றால் தேய்மானமே வருஷத்துக்கு 70,000. அதன் மேல் ஃபுல் இன்சூரன்ஸ், சர்வீஸ், போட்ட பணத்துக்கு எஃப்.டி. வட்டி போனது அல்லது லோன் வட்டி. எப்படிச் சுருக்கினாலும் ஒரு லட்சத்துக்குக் கீழே வரவில்லை. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். பெட்ரோல் மிச்சமே புது வண்டிப் பக்கம் இழுக்கும்.

நடுவில் ஜி.எஸ்.டி. குறைப்பு வந்து எங்கள் முடிவைக் கொஞ்சம் ஆட்டியது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி. வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸும் போய் 18 ஆனது. அடிப்படை விலை 5 லட்சமுள்ள வண்டி 6.45-லிருந்து 5.90-க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம் என்பதால் அதிலும் ஏழாயிரம் மிச்சம். கையில் ரொக்கம் இருந்திருந்தால் அந்த வாரம் நான் சறுக்கியிருப்பேன். ஆனால் 62,000 மிச்சம் என்பதற்காக 7 லட்சம் செலவு செய்வதை என் மனைவி சிரித்தே ஒதுக்கிவிட்டாள்.

செகண்ட் ஹேண்ட் பக்கமும் போனோம். மூன்று லட்சத்துக்கு ஒரு 2016 மாடல், பளபளவென்று இருந்தது. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் பாய். கடைசி ஒரு சாண் பட்டை மட்டும் பழுப்பாக, விறைப்பாக இருந்தது, வெள்ளத்தில் நின்ற வண்டியைப் போல. டீலர் "வாஷ் பண்ணும்போது பட்டிருக்கும் சார்" என்றார். சென்னையில் பழைய கார் பார்க்கிறவர்கள் இதை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். உள்ளே சென்ட் அடித்திருந்தால் இரண்டு தடவை செய்யுங்கள். அடுத்தவர் வீட்டு வெள்ளத்தை மூன்று லட்சம் கொடுத்து வாங்குவதற்கு எங்கள் வீட்டு வெள்ளமே தேவலை என்று வந்துவிட்டோம்.

இதில் எந்தக் கணக்கிலும் அடங்காத ஒன்றைச் சொன்னது மனைவிதான். "ஏங்க, செலவு சரி. ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. கும்பகோணத்துக்கு இதுலயா போகப் போறோம்?" பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அந்த ஏ.பி.எஸ். எல்லாக் காருக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். எங்கள் வண்டி அதற்கு எட்டரை வருஷம் மூத்தது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, ரிப்பேரிலும் இல்லை. ஆகவே வண்டி இனி ஊருக்குள் மட்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று: அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, காய்கறிக்கு, மழைநாளில் பையனை டியூஷனில் விட. ஊருக்கு ரயில், அல்லது வாடகைக் கார். வாடகைச் செலவைச் சேர்த்தாலும் கணக்கு எங்கள் பக்கமே நின்றது. வாரா வாரம் ஹைவேயில் போகிறவராக இருந்தால் நானே புது வண்டிதான் சொல்வேன், எத்தனை ஆயிரம் கூடினாலும்.

ஸ்பேர் பார்ட்ஸ் ஜி.பி. ரோட்டில் நானே வாங்கினேன். சான்ட்ரோ ஜிங் 2014 வரை விற்ற வண்டி; நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்தது; ரோட்டில் இன்னும் ஏராளமாக ஓடுகிறது. கிடைக்காது என்ற பேச்சே இல்லை. கடைக்காரர் ஆர்.சி. நகலைப் பார்த்து பார்ட் நம்பர் எடுத்தார். ஷாக், பெல்ட், கிளட்ச், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்கவில்லை. இடது கதவு மட்டும் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து வந்தது. எங்கள் கதவின் அடிப்பகுதியை வெட்டி ஒட்டுவதைவிட, துருவில்லாத பழைய கதவையே மாற்றுவது மலிவு என்று டிங்கர் சொன்னார். பெட்ரோல் ஹோஸையும் மாற்றச் சொன்னோம். இந்த வண்டி வந்த காலத்தில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பங்கில் கிடையாது, இப்போது பங்கில் கிடைப்பது அதுதான், பழைய ரப்பரும் விரலில் மடக்கினால் வெடிப்பு விட்டிருந்தது.

டிங்கரிங் கடையில் விடுகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சேசிஸ் நம்பர் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதன் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். எழுத்து தெளிவாக விழ வேண்டும். எங்கள் வண்டியில் பெயின்ட் இல்லை, ஆனால் பதினைந்து வருஷ அழுக்கு. பாய் பெட்ரோல் தோய்த்த துணியால் துடைத்து, நைசான எமரியால் ஒரு தேய்ப்பு தேய்த்துவைத்தார்.

பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பேப்பரில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று இருந்தாலும் வாசலில் நின்ற அத்தனை பேரும் "பிரேக் இன்ஸ்பெக்டர் வந்துட்டாரா?" என்றுதான் கேட்டார்கள். வந்தவர் ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போடச் சொன்னார். ஓட்டச் சொல்லி பிரேக் அடிக்கச் சொன்னார். குனிந்து டயரைப் பார்த்தார். பென்சில் காகிதத்தை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "டிங்கரிங் நல்லா பண்ணிருக்கீங்க, எங்க பண்ணீங்க?" என்று கேட்டார். ஆர்.சி. 2030 வரை வந்துவிட்டது.

உடைக்கக் கொடுப்பதையும் விசாரித்தேன். கிலோ கணக்கில் எடைபோட்டு மொத்தம் 25,000 என்றார்கள். அந்த வழியில் போகிறவர்கள் ஆர்.சி.யை ரத்து செய்யாமல் வண்டியை மட்டும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது எங்காவது திரும்ப ரோட்டில் ஏறினால் பேர் உங்களுடையது. யாருக்காவது விற்றாலும் இதேதான்: படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடாமல், பேர் மாறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

வீட்டில் ஒரு எல்லை பேசிவைத்திருக்கிறோம். ஒரே வருஷத்தில் 40,000-க்கு மேல் இழுத்தால், அல்லது மெம்பரில் துரு ஏறினால், அன்றைக்கே கொடுத்துவிடுவது. மழை முடிந்ததும் ஒரு தடவை லிஃப்டில் ஏற்றி ரன்னிங் போர்டின் வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்திவிட வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். கூலிங் காயில் இன்னும் மாற்றவில்லை. டேஷ்போர்டை முழுசாகக் கழற்றும் வேலையாம், மார்ச்சுக்குள் வண்டியை விடச் சொல்கிறார். வெயில் ஏறிவிட்டால் அவர் கடையில் இடம் கிடைக்காது.