எலி, மான், மைனஸ் 80

2018 செப்டம்பர் 28, வெள்ளி

மாலையில் ஆய்வகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. கல்லீரலைத் தாக்கிக் காமாலை வரவைப்பது ஹெபடைடிஸ் இ. எலிகளிடம் இருக்கும் அதன் வைரஸ் மனிதர் ஒருவருக்குத் தொற்றியிருப்பதாக ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் அறிவித்திருக்கிறார்கள். உலகத்திலேயே இதுதான் முதல் முறை. 56 வயதுக்காரர், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வோங் தாய் சின் மாவட்டத்துச் சோய் வான் குடியிருப்புக்காரர். ரிபாவிரின் மாத்திரையில் குணமாகிவிட்டாராம். மாங்குட் புயல் சாய்த்த மரங்களையே இங்கே ஹாங்காங்கில் இன்னும் முழுதாக அள்ளவில்லை. அதற்குள் எலி!

செப்டம்பர் 30, ஞாயிறு

நாள் முழுக்க வாசிப்பு. பன்றி, காட்டுப்பன்றி, மான் வழியாக மனிதருக்கு வருவது ஹெபடைடிஸ் இ-யின் 3, 4 வகைகள். பன்றியிடம் இருப்பது 1997இலேயே தெரியும். எலி வைரஸ் தூரத்துச் சொந்தம். ஜெர்மனியில் ஹாம்பர்க் எலிகளிடம் கண்டுபிடித்து 2010இல் அறிவித்தார்கள். குரங்குக்கு ஏற்றிப் பார்த்தபோது தொற்றவில்லை. மனிதருக்கும் தொற்றாது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

என்னை உறுத்துவது வேறு. அந்த நோயாளியின் ரத்தத்தில் எதிர்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்குவது) இருந்திருக்கிறது, வைரஸின் மரபணுவையே தேடும் வழக்கமான பி.சி.ஆர். சோதனையோ 'இல்லை' என்றிருக்கிறது. மனிதரிடம் காணும் வகைகளைப் பார்த்து வடிவமைத்த ப்ரைமர், அதாவது வைரஸின் மரபணுவில் போய் ஒட்ட வேண்டிய துணுக்கு, எலி வைரஸில் ஒட்டாது. நான் தினமும் போடும் சோதனையும் அதே ரகம்தான். இதுவரை எத்தனை 'இல்லை' எழுதியிருப்பேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 3, புதன்

நாகர்கோவிலிலிருந்து அம்மா. "ஏட்டி, எலியால காமாலை வருதாமே? அது பழைய எலிக்காய்ச்சல்தானே?" கேள்வி நியாயமானது. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், ஆனால் அது பாக்டீரியா, இது வைரஸ் என்றேன். "எதுவானாலும் வெந்நி குடி" என்று முடித்துவிட்டாள். கீழாநெல்லியும் பார்சலில் வரும் போலிருக்கிறது.

அக்டோபர் 14, ஞாயிறு

எலியிடமிருந்து அந்த 56 வயதுக்காரருக்கு எப்படிப் போனது? எச்சம் பட்ட சாப்பாடா, வேறு வழியா, தெரியவில்லை. தொற்றிய பிறகு நோய் தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதற்குள் சாப்பிட்டதெல்லாம் மறந்துபோகும், குப்பைக்கும் போயிருக்கும்.

இந்த விஷயத்தில் ஜப்பான்காரர்களுக்கு 2003இல் அதிர்ஷ்டம் இருந்தது. இரண்டு குடும்பங்களில் நாலு பேருக்கு ஹெபடைடிஸ் இ. நாலு பேரும் ஆறேழு வாரம் முன்னால் மான் இறைச்சியைப் பச்சையாகச் சாப்பிட்டவர்கள். அப்புறம் சாப்பிடலாம் என்று மிச்சத்தை ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டில் இருந்த வைரஸும் நோயாளிகளின் வைரஸும் ஒன்றாகவே இருந்தன. அதே வீடுகளில் மான் கறியைத் தொடாதவர்களுக்கும் பேருக்குக் கொஞ்சம் சாப்பிட்டவர்களுக்கும் ஒன்றும் இல்லை. விலங்கிடமிருந்து ஹெபடைடிஸ் இ வருகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது இப்படித்தான். கறி மீந்திராவிட்டால் வெறும் சந்தேகமாகவே நின்றிருக்கும்.

அக்டோபர் 26, வெள்ளி

மேலிடத்திலிருந்து மின்னஞ்சல். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இடம் இல்லையாம், பழைய சாம்பிள்களைக் கழித்துவிட வேண்டுமாம். சரிதான்!

1955-56இல் டெல்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்து ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை வந்தது. ஹெபடைடிஸ் ஏ என்றுதான் பல காலம் நம்பினார்கள். அப்போது எடுத்து வைத்திருந்த ரத்தச் சீரத்தைச் சோதித்து, 'ஏ இல்லை' என்று 1980இல் சொன்னார்கள். அதுவும் ஹெபடைடிஸ் இ-தான் என்று பின்னால் தெரிந்தது. அந்த வகை விலங்கு வழி வருவது அல்ல, மனிதரிடமிருந்து தண்ணீரில் பரவுவது. ஆனாலும் அன்றைக்கு யாராவது 'இடம் இல்லை' என்று கொட்டியிருந்தால்? பதிலில் இதையும் சேர்த்தேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி, ஆனால் இங்கே வேலைநாள். அறைத்தோழி முறுக்கு சுட்டாள். பதில் வரவில்லை.

நவம்பர் 17, சனி

இந்த வாரம் இரண்டாவது நோயாளி. 70 வயதுப் பெண்மணி. அவரும் வோங் தாய் சின் மாவட்டம்தான். அவர் மருத்துவமனையில் இருந்தது 2017 மே மாதம். அதாவது முதல் ஆளைப் பற்றி அறிவித்ததற்கு ஒரு வருஷத்துக்கும் முன்னால். சேமித்திருந்த மாதிரியைத் திரும்ப எடுத்துச் சோதித்ததில் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை வரை பொறுக்க முடியாமல் ஆய்வகம் போனேன். எதிர்பொருள் 'உண்டு', பி.சி.ஆர். 'இல்லை' என்று முடிந்த குழாய்களை மட்டும் பொறுக்கினேன். பதினாலு. ஒரு சின்னப் பெட்டியில் அடுக்கி, மூடியில் 'கொட்டாதீர்கள்' என்று ஆங்கிலத்திலும், எனக்குத் தெரிந்த சீனத்திலும் எழுதி, கீழ்த்தட்டில் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.