ஹிஸ் பக்கத்து பேசிங்: எதைப் பார்க்க வேண்டும்?

படபடப்பு நோயாளிக்கு இ.பி. ஸ்டடி (இதயத்துக்குள் மின்னோட்டத்தை அளக்கும் பரிசோதனை) செய்யும்போது, மின்தூண்டல் கீழறையிலிருந்து மேலறைக்குத் திரும்புவது ஏவி நோடு (மேலறை, கீழறைகளை இணைக்கும் இயல்பான மின்பாதை) வழியாகவா, செப்டத்தை (இதயத்தின் நடுச்சுவரை) ஒட்டிய கூடுதல் பாதை வழியாகவா என்பதில் குழப்பம் வரும். இரண்டிலும் மேலறைச் சிக்னல் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் முதலில் தெரியும். இதைப் பிரித்தறியத்தான் ஹிஸ் பக்கத்து பேசிங்: ஏவி நோடிலிருந்து கீழறைக்கு இறங்கும் ஹிஸ் என்ற மின்கற்றைக்கு அருகே செயற்கையாகத் தூண்டுவது.

கதீட்டரை (மின்முனையுள்ள மெல்லிய குழாயை) ஹிஸ் சிக்னலுக்கு அருகே, சற்றே கீழறைப் பக்கமாக வைத்து, 20 மில்லிஆம்பியர், 2 மில்லிசெகண்டில் தூண்டுங்கள். தூண்டல் ஹிஸ்ஸையும் கீழறைத் தசையையும் சேர்த்துப் பிடித்தால் க்யூஆர்எஸ் (இ.சி.ஜி.யில் கீழறைத் துடிப்பின் அலை) குறுகும். மெல்ல அவுட்புட்டை (தூண்டும் மின்னளவை) குறைத்தால் ஹிஸ் கைவிட்டுப்போய் க்யூஆர்எஸ் அகலும். அந்த ஒரு துடிப்புதான் விஷயமே. தூண்டலிலிருந்து மேலறை வரையுள்ள எஸ்-ஏ இடைவெளி, உதாரணமாக 90-இலிருந்து 140 மில்லிசெகண்டாக நீண்டு, ஹிஸ்ஸிலிருந்து மேலறை வரையுள்ள எச்-ஏ மாறாமலிருந்தால் நோடு வழி. எஸ்-ஏ அசையாமலிருந்தால் செப்டத்துப் பாதை.

ஏமாற்றுவது எது? கதீட்டர் கொஞ்சம் பின்வாங்கினால் மேலறையையே நேரடியாகப் பிடித்துவிடும்; எஸ்-ஏ நம்ப முடியாத அளவு குறுகும். அந்தப் பதிவைத் தூக்கிப் போடுங்கள். இடப்பக்கச் சுவரிலுள்ள தொலைவுப் பாதையும், மெதுவாகக் கடத்தும் பாதையும் நோடு போலவே நடிக்கும். எனவே மேலறையின் எந்த இடத்தில் சிக்னல் முதலில், எதில் அடுத்து வருகிறது என்ற வரிசை மாறுகிறதா என்றும் பாருங்கள். எனக்கு இதுதான் எண்களைவிட நம்பகமானது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசம் நெருங்கினால் ஸ்டடி முடித்த நோயாளிகளிடமிருந்து வரும் கேள்வி: காவடி எடுக்கலாமா? கதீட்டர் நுழைத்த தொடை ரத்தக்குழாய்த் துளை ஆற ஒரு வாரமாவது பாரம் தூக்க வேண்டாம்.